நேர்க்கோட்டில் ஒன்றரைக் கிலோமீட்டர்

அத்தான் என்னை ‘வட்டம்’ என்றுதான் கூப்பிடுவார். நகரமைப்பு அலுவலகத்தில் எனக்கு என்ன வேலை என்று ஒருமுறை கேட்டார். ஆம்புலன்ஸ் நிலையம் அமைக்க வரைபடத்தில் புள்ளி வைத்து, அதைச் சுற்றி வட்டம் போடுகிறேன் என்றேன். எட்டு நிமிடத்தில் வண்டி போய்ச் சேர வேண்டும். மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகம் என்றால் நான்கு கிலோமீட்டர் ஆரம். எந்த வட்டத்துக்குள் அதிகம் பேர் வசிக்கிறார்களோ, அந்தப் புள்ளியில் நிலையம்.

“இதுக்கா அஞ்சு வருஷம் இயற்பியல் படிச்சே? காம்பஸ் வச்சு நான் அஞ்சாங்கிளாஸ்லயே போட்டேனே!”

அதன்பிறகு நான் எப்போது போனாலும் அக்காவுக்குக் குரல் கொடுப்பார். “வட்டம் வந்தாச்சு. பிடிச்சு உட்கார வை, உருண்டு போயிடப் போகுது.”

அவர் போய் ஆறு வாரமாகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நெஞ்சை அழுத்துகிறது என்றார். வாயுத்தொல்லை என்று நினைத்து அக்கா வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். பத்து நிமிடம் கழித்துத்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். வண்டி வர இருபத்துமூன்று நிமிடம் ஆயிற்று. கூப்பிட்ட பத்தாவது நிமிடமே அவர் மூச்சு நின்றுவிட்டது.

அந்தப் பத்து நிமிடம்தான் அக்காவின் மனதில் நின்றது. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள். “வெந்நீர் வச்சுக்கிட்டு நின்னேனே. வெந்நீர்!” தூக்கம் போயிற்று. அழுகை மட்டும் வரவேயில்லை.

எனக்கு அந்த இருபத்துமூன்று உறுத்தியது. அலுவலகத்தில் பழைய வரைபடத்தைத் திறந்தேன். நிலையத்திலிருந்து அக்கா வீடு நேர்க்கோட்டில் ஒன்றரைக் கிலோமீட்டர். ஆனால் நடுவே கால்வாய். கிழக்கே வெகுதூரம் போய்ப் பாலம் ஏறித் திரும்பி வர வேண்டும். சாலை வழியாக ஒன்பது கிலோமீட்டர். வண்டி தண்ணீருக்கு மேல் பறக்கும் என்பதுபோல வட்டம் போட்டிருந்தேன். அக்கா வீடு இருக்கும் வடகரையில் இன்னொரு புள்ளியும் இருந்தது. அதன் வட்டத்தில் இரண்டாயிரம் பேர் குறைவு என்று நான்தான் தள்ளியிருந்தேன்.

சாலை சாலையாக மறுபடி அளந்தேன். எட்டு நிமிட எல்லை பூச்சி அரித்த இலைபோல வந்தது. பதினோரு தெருக்கள் அதற்கு வெளியே. அதில் ஒன்று அக்காவுடையது.

மேலதிகாரி எட்டிப் பார்த்தார். “அப்ப எல்லாருமே அப்படித்தானேம்மா போட்டோம். விடு. வடகரைக்கு இன்னொரு நிலையம் கேட்டு எழுதிக் கொடு, கையெழுத்துப் போடறேன்.”

எழுதிக் கொடுத்தேன். அது முடிந்தது. அக்காவிடம் சொல்வதுதான் மிச்சம். சொன்னால் அவளுக்குத் தூக்கம் வரலாம். அதன்பிறகு என்னை அவளால் பார்க்க முடியுமா என்று தெரியவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் போனேன். சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்தேன்.

“என்னடி இது?”

“இது உன் வீடு. இது ஆம்புலன்ஸ் நிக்கிற இடம்.”

“கிட்டத்தானே இருக்கு?”

“நடுவுல கால்வாய்க்கா.”

அவள் விரல் சாலையில் ஊர்ந்து கிழக்கே போய், பாலம் ஏறி, வீட்டுக்கு வந்தது. வர நேரமாயிற்று.

“யாரு இங்க கொண்டு வச்சது?”

“நான்தான்க்கா. நீ உடனே கூப்பிட்டிருந்தாலும் இருபத்துமூணு நிமிஷம்தான். உன்மேல தப்பில்ல.”

“அப்ப வெந்நீர்…”

“வெந்நீர் இல்லக்கா.”

அவள் நாற்காலியில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். ஆறு வாரத்து அழுகை. தோளில் கை வைக்கப் போனேன்.

“தொடாதே.”

வெகுநேரம் கழித்து எழுந்து முகம் கழுவினாள். துடைக்காமலே கேட்டாள். “இந்தப் பக்கம் வச்சிருந்தா எத்தனை நிமிஷம்?”

பொய் சொல்லியிருக்கலாம்.

“ஆறு.”

“ஆறு” என்றாள். வரைபடத்தை நான்காக மடித்து என் கையில் கொடுத்தாள்.

“போயிட்டு வரேன்க்கா.”

“போ.”

‘போயிட்டு வா’ என்றுதான் எப்போதும் சொல்வாள். மிச்சச் சொல்லுக்காக மாடிப்படியில் கொஞ்சநேரம் நின்றேன். உள்ளே விளக்குமாறு தரையில் இழுபடும் சத்தம் கேட்டது.