நாலாவது குறை

விஜிக்குப் பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் செக்கர் வேலை. தைத்து முடிந்த சட்டைகள் அவள் மேசைக்கு வரும். தையல் விட்ட இடம், பட்டன் கோணிய இடம் என்று தேடித் தேடிச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். பதினாறு வருடமாக இதுதான். குறையில்லாத சட்டை வந்தால் அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும். இன்னொரு முறை திருப்பிப் பார்ப்பாள். இந்தப் பழக்கம் தொழிற்சாலை கேட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு மெஷினில் சின்னச் சின்னப் பொருள்கள் தைப்பாள். லக்கெரேயில் கிலோ கணக்கில் விற்கும் வெட்டுத்துணியை வாங்கிவந்து, சதுரம் சதுரமாக நறுக்கி இணைத்து, அதற்கடியில் மெல்லிய பஞ்சு விரிப்பும் இன்னொரு துணியும் வைத்து, மூன்றையும் சேர்த்துக் கட்டம் கட்டமாகத் தைப்பாள். போன் பை, மூக்குக்கண்ணாடி உறை, சூடான பாத்திரத்தை இறக்கிவைக்கும் மெத்தைத் துண்டு. ஒன்றுக்கு ஒரு ஞாயிறு முழுக்கப் போய்விடும். விற்பதில்லை, மனதுக்குப் பிடித்தவர்களுக்குக் கொடுப்பாள்.

கொடுத்த நாலாம் நாள் கறிவேப்பிலை கேட்கும் சாக்கில் அவர்கள் வீட்டுக்குப் போவாள். தான் கொடுத்தது எங்கே கிடக்கிறது என்று கண் தேடும். கூட வேலை செய்யும் பாமா, "ஐயோ, எவ்ளோ அழகு!" என்று கன்னத்தில் கைவைத்தவள்தான், அதே போன் பையால் ஸ்கூட்டி சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வீட்டு ஓனரம்மா காந்தாவுக்குக் கொடுத்த மெத்தைத் துண்டு நாயின் சோற்றுத் தட்டுக்கு அடியில் இருந்தது. இனி அருமை தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் என்று விஜி முடிவு செய்தாள். அப்படிப் பார்த்தால் கொடுப்பதற்கு ஆளே மிஞ்சவில்லை.

அப்போதுதான் மாடி வீட்டுக்கு ராஜலக்ஷ்மி குடிவந்தாள். முப்பது வயதிருக்கும், சேலத்துக்காரி. தாசரஹள்ளியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. பால் காய்ச்சிய அன்று விஜி கொடுத்த மெத்தைத் துண்டை வாங்கியவள், முதலில் அதைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். தையல் வரிசையில் விரலை ஓட்டினாள்.

"பின்னாடிகூட ஒரு முடிச்சு தெரியலையேக்கா. நீங்களா தச்சீங்க?"

விஜிக்கு உச்சி குளிர்ந்தது. படியிறங்குவதற்குள் சந்தேகமும் வந்துவிட்டது. பின்பக்கத்தை யார் பார்க்கிறார்கள்? அடுத்து போன் பை கொடுத்தாள், பிறகு ஒரு கண்ணாடி உறை. இரண்டுமே ராஜலக்ஷ்மியின் கையிலும் பையிலும் அழுக்குப்படாமல் இருந்தன. மெத்தைத் துண்டு தண்ணீர் ஜக்குக்குக் கீழே, விளிம்பு மடங்காமல் கிடந்தது. இத்தனை ஒழுங்கு விஜிக்குச் சரியாகப் படவில்லை.

"அவளுக்கு என்னாண்ட ஏதோ ஆவணும். பாத்துனே இரு, கேப்பா" என்றாள் புருஷனிடம்.

அர்ஜுனன் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உன்னாண்ட இன்னா கீது கேக்கறதுக்கு?"

"தண்ணி மோட்டார் சுவிட்ச் நம்ம வீட்லதான கீது."

"குத்தம் சொன்னாலும் உனக்கு ஆவாது, சொல்லலைன்னாலும் ஆவாது. ஜனங்க இன்னாதான் பண்ணுவாங்க?"

அடுத்த ஞாயிறு விஜி ஜிப் வைத்த ஒரு சின்னப் பை தைத்தாள். வேண்டுமென்றே ஓரிடத்தில் தையலை விட்டாள். இரண்டு கட்டங்களை முனை சேராமல் இணைத்தாள். ஓரத்தில் ஒரு விரலளவு திறந்துவிட்டுப் பஞ்சு தெரியும்படி செய்தாள். மூன்றாவதைச் செய்யும்போது அவளுக்கே கை கூசியது. ஆனாலும் முடித்து, மாடிக்கு எடுத்துப் போனாள்.

ராஜலக்ஷ்மி வழக்கம்போலத் திருப்பிப் பார்த்தாள். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். பிறகு விஜியின் முகத்தைப் பார்த்து, "நல்லா இருக்குக்கா" என்றாள்.

பொய்க்காரி! நினைத்தது சரியாகப் போன திருப்தி ஒரு பக்கம், வயிற்றெரிச்சல் ஒரு பக்கம். அதற்குப் பிறகு துணி காயப்போடக்கூட ராஜலக்ஷ்மி இல்லாத நேரம் பார்த்துத்தான் மேலே போனாள்.

ஒன்பது நாள் கழித்து, சாயங்காலம், ராஜலக்ஷ்மியே கதவைத் தட்டினாள். கையில் கடையின் விளம்பரச் சீட்டு.

"அக்கா, ஒரு நாள் எங்க கடைக்கு வாங்களேன். கண்ணு டெஸ்ட் பண்ணிக்கலாம்."

இதற்குத்தான் இத்தனை நாள் காத்திருந்தது என்று விஜிக்குத் தோன்றியது. "ஆள் புடிச்சாந்தா உனக்குக் கமிஷன் தருவாங்களா?"

ராஜலக்ஷ்மியின் முகம் சுருங்கியது. "கமிஷனெல்லாம் இல்லக்கா." தோள்பையிலிருந்து அந்த ஜிப் பையை எடுத்தாள். "இங்க தையல் விட்டிருக்கு. இந்த ரெண்டு கட்டமும் முனை சேரல. ஓரத்துல பிரிஞ்சு பஞ்சு தெரியுது. இதோ, ஜிப்புக்கிட்ட தையல் துணியை விட்டு வெளிய ஓடியிருக்கு. நாலு இடம். உங்க கையில இப்படி வராது. அன்னிக்கே பாத்தேன். மூஞ்சிக்கு நேரா சொன்னா சங்கடப்படுவீங்கன்னு விட்டுட்டேன். கண்ணை வச்சுத்தான உங்க பொழப்பே? ஒரு வாரமா அதே நெனப்புக்கா."

சரி என்று தலையாட்டியிருந்தால் அத்தோடு போயிருக்கும். விஜிக்குத் தலையாட்ட வரவில்லை.

"அது நானே வேணும்னு தச்சது" என்றாள்.

"எதுக்கு?"

"நீ நெசமாத்தான் பாக்கறியா, சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்றியான்னு..."

ராஜலக்ஷ்மி பையை ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். பிறகு, "நாலையுமா?" என்று கேட்டாள்.

"மூணுதான்."

"அப்ப அந்த ஜிப்பு?"

ராஜலக்ஷ்மி பையைச் செருப்பு ஸ்டாண்டின் மேல் வைத்துவிட்டு மாடியேறிப் போனாள்.

டியூப்லைட்டுக்குக் கீழே எவ்வளவு பார்த்தும் அந்த நாலாவது குறை விஜிக்குத் தெரியவில்லை. அர்ஜுனன் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டினான். ஜிப்பின் ஓரத்தில் ஒரு அங்குல நீளத்துக்குத் தையல் துணியைப் பிடிக்காமல் தனியே ஓடியிருந்தது. போன மாதம் அவள் பாஸ் செய்த ஏழு சட்டைகளைச் சூப்பர்வைசர் திருப்பி அனுப்பியிருந்தார். தன்னை வேலையை விட்டு விரட்ட அவர் திட்டம் போடுகிறார் என்று அவள் அர்ஜுனனிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தாள். இப்போது அந்தச் சட்டைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

திங்கட்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டுத் தாசரஹள்ளிக்குப் போனாள். கடையில் ராஜலக்ஷ்மி நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க மேடம்" என்றாள். அந்த 'மேடம்' விஜிக்குச் சுருக்கென்றது. கையில் கொடுத்த அட்டையில் கடைசி மூன்று வரிகள் எறும்பு ஊர்வதுபோல் இருந்தன. கிட்டப் பார்க்கக் கண்ணாடி எழுதினார்கள். பிரேம் எடுத்துக் காட்டியபோதும், சீட்டு எழுதியபோதும் ராஜலக்ஷ்மி தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

கண்ணாடி வந்த பிறகு விஜி இரண்டு ஞாயிறு உட்கார்ந்து ஒரு போன் பை தைத்தாள். அரக்கிலும் பச்சையிலும் சதுரங்கள். முதல் முறை தைத்ததைப் பிரித்தாள். இரண்டாம் முறையும் பிரித்தாள். முடித்ததும் மாடிக்கு எடுத்துப் போனாள்.

ராஜலக்ஷ்மி கதவைப் பாதி திறந்து, கைநீட்டி வாங்கினாள். "இதுல எத்தனை?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல, ராஜி. சத்தியமா."

"பாத்துட்டுச் சொல்றேன்."

பையை ஜன்னலோரம் கொண்டுபோய், முதல் வரிசையிலிருந்து ஒவ்வொரு கட்டமாகப் பார்க்கத் தொடங்கினாள். சிரிக்கவில்லை. விஜி வாசலில் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். கால் மாற்றி நின்றாள். கீழே யாரோ மோட்டாரைப் போடச் சொல்லிக் கத்தினார்கள்; அவள் அசையவில்லை.

நாலாவது வரிசைக்கு வந்தபோது ராஜலக்ஷ்மி தலை நிமிராமலே சொன்னாள்: "நேரமாவும். உள்ள வந்து உக்காருங்க."