இன்ஸ்பெக்டருக்கு நஷ்ட ஈடு

அந்தத் தெருவில் இன்ஸ்பெக்டர் என்றால் யாருக்கும் போலீஸ் நினைவுக்கு வராது. அது ஒரு வாத்து. வெல்டர் வீட்டு வாத்து. காலையில் படி இறங்கினால் ஒவ்வொரு வாசலிலும் நின்று, கழுத்தை நீட்டி உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்து, தனக்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டுதான் அடுத்த வீட்டுக்கு நகரும். ரொட்டித் துண்டோ காய்கறித் தோலோ லஞ்சமாகக் கொடுக்காத வீட்டு வாசலில் நின்று கத்தும். ஒரு கால் கொஞ்சம் இழுக்கும். அந்த நடையைப் பார்த்துத்தான் வெல்டரின் மகள் அதற்கு அந்த உத்தியோகத்தைக் கொடுத்தாள். விலை போகாத நொண்டிக் குஞ்சை முட்டைக்கடைக்காரர் அவள் தலையில் கட்டியிருந்தார். ஒரு காசு வாங்கவில்லை. மூன்றாம் வகுப்பு படிக்கிற அந்தப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய பரிசை அதுவரை யாரும் கொடுத்ததில்லை.

வெல்டருக்கும் தெருவில் ஒரு பட்டப்பெயர் உண்டு. நாளைக்கு. முகத்துக்கு நேராக யாரும் கூப்பிடுவதில்லை, அவ்வளவுதான். வேலை சுத்தமாக இருக்கும். அவன் பற்றவைத்த இடத்தில் விரலை ஓட்டினால் மேடு தட்டாது. ஆனால் வேலையை வாங்கிப் போட்டுக்கொள்வதில் இருக்கிற வேகம் முடித்துக் கொடுப்பதில் இருக்காது. ஜன்னல் கம்பி கேட்டு வந்தாலும் நாளைக்கு, மாடிப்படிக் கைப்பிடி கேட்டு வந்தாலும் நாளைக்கு. பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே அவனுக்குக் கிடையாது. சொல்லும்போது மறுநாள் போகத்தான் நினைப்பான். கெட்டவனாக இருந்தால் திட்டித் தீர்த்துவிடலாம், இவனை என்ன செய்வது என்று தெருவே தலையில் அடித்துக்கொண்டது.

சொன்ன அன்றைக்கே அவன் முடித்த வேலை ஒன்றே ஒன்று. பழைய எண்ணெய் டிரம் ஒன்றைக் குறுக்கே அறுத்து, பிள்ளையின் கையைக் கிழித்துவிடாதபடி விளிம்பை மடக்கி, நொண்டிக்கால் ஏறி இறங்க வசதியாகச் சரிவாக ஒரு தகடும் வைத்து, இன்ஸ்பெக்டருக்கு அவன் செய்து கொடுத்த தண்ணீர்த் தொட்டி.

அந்த வாத்தைத்தான் எதிர்வீட்டு நாய் கொன்றுவிட்டது.

மகள் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் கிளம்பினால் தெருமுனை வரை வழியனுப்பப் போவது இன்ஸ்பெக்டரின் வழக்கம். அன்றைக்கும் முன்னால் நடந்தது. எதிர்வீட்டு கேட் திறந்துகொண்டதை அவள் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது வாத்து நாயின் வாயில் இருந்தது. அந்த வீட்டில் இருப்பது மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அக்கா; தனி ஆள். ஈரத் தலையோடு ஓடி வந்து, கையில் இருந்த வாளியால் நாயை அடித்து, அதன் வாயைப் பிளந்து வாத்தை எடுத்தார். எடுத்து என்ன பிரயோஜனம்? கழுத்து தொங்கிவிட்டது. பிள்ளை அழவில்லை. பையை இறக்கி வைத்தாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து வாத்தின் அலகில் ஊற்றிக்கொண்டே இருந்தாள். பாட்டில் காலியான பிறகுதான் அவளுக்குச் சத்தம் வந்தது. தெருக்கோடியில் இருந்த பட்டறை வரைக்கும் அது கேட்டது.

வெல்டர் கிரைண்டரைப் போட்டது போட்டபடி ஓடி வந்தான். வாசல் குழாயடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், அவனே குழி தோண்டினான். அதற்குள் தெரு கூடிவிட்டது. கூடினால் சும்மா இருக்குமா, ஆளுக்கொரு யோசனை.

"சும்மா விட்றாதப்பா. இன்னைக்கு வாத்து, நாளைக்குப் பிள்ளை" என்றார் சலூன்காரர், தோளில் கிடந்த துண்டை உதறிக்கொண்டே. "என்ன எடை இருக்கும்? கிலோ விலைய வச்சுப் பாத்து, மேல கொஞ்சம் சேத்துக் கேளு."

நல்ல மனிதர்தான். ஆறுதல் சொல்ல வராதவர்களுக்குக் கணக்குத்தான் வாயில் வரும். ஆனால் மகள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"இன்ஸ்பெக்டர் கறி இல்ல மாமா" என்றாள். அதோடு சரி. அன்று பகல் முழுக்க அவள் வாய் திறக்கவில்லை. வைத்த சாப்பாடு வைத்தபடி இருந்தது. வெல்டர் பட்டறைக்குத் திரும்பிப் போகாமல் அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். நேரம் ஆக ஆக அவனுக்குள் கோபம் ஏறிக்கொண்டே வந்தது.

சாயங்காலம் துணிக்கடையில் பில் போடும் வேலை முடிந்து வந்த மனைவி விஷயத்தைக் கேட்டதும் மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்துவிட்டுப் புருஷனிடம் வந்தாள்.

"போய்க் கேளுங்க. காசு குடுத்தா வாங்கிக்கோங்க, வள்ளல் மாதிரி வேணாம்னு நிக்காதீங்க. ஆனா காசுக்காக வரலன்னும் சொல்லிடுங்க. அங்க போனதும் பரவால்லக்கான்னு இளிச்சிட்டு வந்தீங்க, அப்புறம் இருக்கு."

அப்போதுதான் மகள் பேசினாள். தொட்டிக்குப் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் தலையை நிமிர்த்தவில்லை.

"எனக்குக் காசு வேணாம்ப்பா. யார் மேல தப்போ அவங்க இங்க வரணும். இங்க நின்னு இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லணும்."

"என்னன்னும்மா?"

"தப்பு என்னுதுன்னு."

அவன் அவள் தலையில் கை வைத்தான். "கூட்டிட்டு வந்து இங்கயே நிறுத்துறேன். போதுமா?"

"எப்ப?"

"இப்பவே."

மனைவி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து கேட்டு வெகு காலம் ஆகியிருந்தது.

தெருவைக் கடக்கிற நேரத்துக்குள் என்னென்ன கேட்கவேண்டும் என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டான். எதிர்வீட்டு கேட் லேசாகத் திறந்துதான் கிடந்தது. இன்னும் திமிரைப் பார் என்று அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

அக்கா வீட்டுப்படியில் உட்கார்ந்திருந்தார். வேலைக்குப் போகவில்லை. ஜன்னல் கம்பியில் கட்டியிருந்த நாய் முன்னங்கால்களில் தலையை வைத்துப் படுத்திருந்தது. அதற்கு முன்னால் தட்டு நிறையச் சாப்பாடு, ஈ மொய்த்துக்கொண்டு.

"உக்காருங்க தம்பி."

"உக்கார வரலக்கா." அடுக்கி வைத்ததையெல்லாம் கொட்டினான். "நாய் வளக்கிறது பெரிசில்ல, கட்டி வளக்கணும். சின்னப் பிள்ளைங்க நடக்கிற தெரு இது. எம்பொண்ணு காலைலருந்து பச்சத் தண்ணி குடிக்கல. இதுக்கு என்ன பதில் சொல்றீங்க? கேட்டத் தொறந்து போட்டுட்டு உள்ள என்ன பண்ணீங்க?"

அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டைப் பற்றிச் சொன்னபோது மட்டும் ஒரு கணம் அவனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். சண்டை என்றால் எதிராளியும் கொஞ்சம் கை கொடுக்க வேண்டும். இப்படி மொத்தத்தையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் எவ்வளவு நேரம்தான் கத்துவது? அவன் குரல் தானாக இறங்கியது.

அக்கா உள்ளே போய் ஒரு கவரைக் கொண்டுவந்து நீட்டினார். "எவ்வளவுன்னு கேக்காதீங்க தம்பி. எவ்வளவு குடுக்கணும்னு எனக்கும் தெரியல. பத்தலைன்னா சம்பளம் வந்ததும் தர்றேன்." கவர் கனமாகத்தான் இருந்தது. "இந்த நாய நாளைக்குக் காலைல எங்க அண்ணன் வீட்டுக்கு அனுப்பிடுறேன். அங்க சுவர் உசரம்."

அவர் குரலைக் கேட்டு நாய் வாலை ஒருமுறை ஆட்டிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

"இதுவும் சாப்பிட மாட்டேங்குது. எதுக்கு அடிச்சேன்னே அதுக்குத் தெரியாது" என்றார்.

"பிள்ளைகிட்ட வந்து ஒரு வார்த்த சொல்லணும்க்கா. காசு பெரிசில்ல."

"வர்றேன். காலைலயே வரணும்னு இருந்தேன், அந்த மூஞ்சியப் பாக்கத் தைரியம் வரல. நீங்க முன்னாடி போங்க, முகத்தக் கழுவிட்டு வந்துடுறேன்."

கேட்டது எல்லாம் கிடைத்தாயிற்று. கவரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவன் வெளியே வந்தான். கேட்டை இழுத்துச் சாத்தினான். அது நிற்காமல் திரும்பவும் திறந்துகொண்டது. தொழில்காரன் கை அல்லவா, தானாகத் தாழ்ப்பாளைத் தேடிப் போனது. தாழ்ப்பாள் இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நைலான் கயிறு சுற்றிக் கிடந்தது; அதன் நுனி கடித்துக் குதறப்பட்டிருந்தது. கயிற்றுக்கு மேலே, மழை படாத உள்பக்கத் தகட்டில், சாக்பீஸால் ஓர் அம்புக்குறியும் ஓர் அளவும் எழுதியிருந்தது. அளவில் ஒரு ஏழு இருந்தது. ஏழுக்கு நடுவில் குறுக்குக் கோடு.

ஏழுக்குக் குறுக்குக் கோடு போடுகிறவன் அந்தத் தெருவில் ஒருவன்தான்.

எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பழைய தாழ்ப்பாள் துருப்பிடித்து விழுந்துவிட்டது என்று அக்கா பட்டறைக்கு வந்தது. அன்று சாயங்காலமே போய் அளவெடுத்தது. தாழ்ப்பாளைச் செய்தும் முடித்தது. மருந்துக்கடையிலிருந்து திரும்பும் வழியில் அக்கா எத்தனையோ முறை பட்டறை வாசலில் நின்று கேட்டது, நாய் வெளியே ஓடிவிடுகிறது தம்பி என்று சொன்னது, நாளைக்கு வந்து மாட்டிடுறேன்க்கா என்று இவன் தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னது. இன்று காலை முதல் யார் யாரையோ திட்டிக்கொண்டிருந்தவனுக்கு இதில் ஒன்றுகூட நினைவில் இல்லை. அதுதான் அவனை அடித்தது.

முகம் கழுவிய ஈரத்தோடு அக்கா வந்து நின்றார். கையில் புதுக்கயிறு. "விடுங்க தம்பி, நான் கட்டிக்கிறேன்."

"ஏன்க்கா சொல்லல?"

"என்னத்தச் சொல்றது? நாய் என்னுது. கயித்த நம்புனது நான். அங்க பிள்ளை பாட்டில்ல தண்ணி ஊத்திட்டிருக்கு, அதுகிட்டப் போய் உங்கப்பா தாழ்ப்பாள் மாட்டலன்னு சொல்லச் சொல்றீங்களா?"

அவன் சட்டைப் பையிலிருந்து கவரை எடுத்தான். அவர் வாங்கவில்லை. "அது உங்களுக்குக் குடுக்கல. பிள்ளைக்குக் குடுத்தேன்" என்றார். அவன் அதைச் சுவர்மேல் வைத்தான். "நீங்க வர வேணாம்க்கா. நாயையும் அனுப்பாதீங்க" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று பட்டறைக்கு நடந்தான்.

தாழ்ப்பாள் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மகள் சிவப்புப் பெயிண்ட் அடித்த தாழ்ப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறைக்கு வந்து சின்னச் சாமான்களுக்குப் பெயிண்ட் அடிப்பது அவளுக்குப் பிடித்த விளையாட்டு. மேலே தூசி படிந்திருந்தது. சட்டையில் துடைத்துக்கொண்டு, மெஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றி இழுத்துக்கொண்டு வந்தான். அக்கா வீட்டிலிருந்து வயர் இழுத்துக் கொடுத்தார். நான்கு இடத்தில் பற்றவைக்க வேண்டிய வேலை. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. இவ்வளவுதானா, இவ்வளவுக்குத்தானா என்று அவனுக்குத் தோன்றியது. வெல்டிங் முகமூடியை வேலை முடிந்த பிறகும் அவன் கழற்றவில்லை. அதன் உள்ளே அவன் அழுதது அக்காவுக்குத் தெரிந்திருக்கும். அவர் நாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். தாழ்ப்பாளை இழுத்துப் போட்டான். கேட் அசையாமல் நின்றது.

வீட்டில் மகள் தொட்டியைச் சுற்றிக் கூட்டிச் சுத்தம் செய்து வைத்திருந்தாள். தலையைக்கூடச் சீவியிருந்தாள், வருகிறவர் பெரியவர் என்பதால். அப்பாவைக் கண்டதும் எழுந்து அவனுக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தாள்.

"எங்கப்பா அவங்க? வரலையா?"

"வந்தாச்சும்மா."

அவளுக்குப் புரியவில்லை. மறுபடி வாசலைப் பார்த்தாள். அவன் போய் அவள் கூட்டி வைத்திருந்த இடத்தில் நின்றான்.

"அக்கா வீட்டு கேட்டுக்குத் தாழ்ப்பாள் இல்ல. அதான் நாய் வெளிய வந்துச்சு. செஞ்சு மாட்டித் தர்றேன்னு சொன்னது நான். மாட்டல."

சமையற்கட்டிலிருந்து வெளியே வந்த மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மகள் கேட்டாள். "நான் சிவப்புப் பெயிண்ட் அடிச்சேனே, அதாப்பா?"

"ஆமாம்மா."

"காஞ்சிருச்சுப்பான்னு சொன்னேன்ல."

"சொன்ன."

"ரெண்டு தடவ சொன்னேன்."

கரண்ட் இல்லை, வெல்டிங் ராடு இல்லை, காய்ச்சல் என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்ல அவனிடம் எத்தனையோ காரணங்கள் உண்டு. பிள்ளைக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

"என்கிட்ட இல்லப்பா" என்றாள். "இன்ஸ்பெக்டர்கிட்டச் சொல்லு."

அவன் தொட்டிப் பக்கம் திரும்பி மண்டியிட்டான். காலையில் அவள் போட்ட ரொட்டித் துண்டு தண்ணீரில் ஊறி மிதந்துகொண்டிருந்தது. "தப்பு என்னுது" என்றான். அதற்கு மேல் முடியவில்லை. தன் கையால் மடக்கிய அந்த விளிம்பைப் பிடித்துக்கொண்டு பிள்ளை முன்னாலேயே தேம்பினான். அவன் கண் கலங்கினால் ஓடி வந்து துடைத்துவிடுகிற பிள்ளை அன்று நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

"அப்பா மேல கோவமாம்மா?"

அவள் பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

"தெரியலப்பா. நாளைக்குச் சொல்றேன்" என்றாள். உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.