மாமரத்துக்கு ஜாமீன்

காலை ஆறரை மணிக்கு எங்கள் இல்லத்தில் ஆஜர் எடுப்போம்.

"ரெங்கம்மாள்!"

"இருக்கேன்."

"சங்கிலிப்பாண்டி!"

"இருக்கேம்யா. இல்லாம எங்க போவப் போறேன்?"

இப்படிப் பதினோரு பேர். எல்லாரும் எழுபதைத் தாண்டியவர்கள். ஆளுக்கொரு பூவாளி, மண்வெட்டி அல்லது களைக்கொத்து. இலஞ்சிக்குப் பக்கத்தில் முதியோர் இல்லம் இருக்கிறதாமே என்று விசாரித்து வந்தவர்கள், ஏதோ போலீஸ் பயிற்சிப் பள்ளி என்று நினைத்துத் திரும்பிப் போனதும் உண்டு. அவர்கள் மேல் தவறில்லை. இல்லத்தின் தலைவர் நம்பிராஜன் ஓய்வுபெற்ற டி.எஸ்.பி. எழுபத்தெட்டாம் வருஷம் மாலை போட்டு அவரை வழியனுப்பினார்கள். அவர் நேரே எங்களிடம் வந்து சேர்ந்தார். மாலை போட்டவர்கள் முகத்தில் அத்தனை சந்தோஷம் ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

நான் மேனேஜர், பெயர் அனந்தநாராயணன். மேனேஜர் என்றால் ஆஜர் எடுப்பவன், கடிதம் டைப் அடிப்பவன், டி.எஸ்.பி.க்குக் குடை பிடிப்பவன்.

வயதானவர்கள் தோட்ட வேலை செய்தால் மூட்டு இளகும், மனம் தெளியும் என்று அவர் ஏதோ பத்திரிகையில் படித்திருந்தார். பொய்யில்லை. ஆயுசு பூராவும் மண்ணில் கிடந்தவர்கள் அவர்கள். சும்மா உட்காரச் சொன்னால்தான் நோய் வரும். ஆனால் டி.எஸ்.பி. அதற்குப் பதினேழு விதிகள் எழுதினார். செடிகள் ஒன்றரை அடிக்கு ஒன்று, நேர்கோட்டில். வாசனைப் பூ கூடாது, பூச்சி வரும். காய்கறி கூடாது, நினைவுத் தோட்டத்தின் கண்ணியத்துக்குக் குறைவு. ஆகவே குரோட்டன்ஸ். வரிசை வரிசையாக அட்டென்ஷனில் நின்றன. அந்த வரிசைகளுக்குப் பின்னால், அவர் கண் படாத மூலையில், சங்கரம்மாள் கத்தரியும் தண்டங்கீரையும் பயிராக்கிச் சமையல்கட்டுக்குக் கடத்திக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததில்லை. சாப்பிட்டிருக்கிறேன்.

சங்கரம்மாள் அச்சன்புதூர்க்காரி. எழுபத்து நாலு வயது. புருஷன் போய் முப்பது வருஷம், பிள்ளை கிடையாது. அண்ணன் மகன் வீட்டில் மாட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தவள். அவன் மாட்டையும் வீட்டையும் விற்றுவிட்டுப் பம்பாய்க்குக் கிளம்பியபோது, விலைபோகாத இவளை எங்களிடம் கொண்டுவந்து விட்டான். கொடுத்துவிட்டுப் போன விலாசத்துக்குப் போட்ட கடிதங்கள் நாலும் திரும்பி வந்தன.

தோட்டத்தின் பெயர் 'வீரத்தாய் முத்துவடிவு நினைவுத் தோட்டம்'. முத்துவடிவு டி.எஸ்.பி.யின் தாயார். எழுபத்து நாலாம் வருஷம் காலமானார். மறுவருஷம், சர்வீஸில் இருக்கும்போதே, மகன் இந்தத் தோட்டத்தின் நடுவில் கறுப்புக் கல்லில் அம்மா பெயரைப் பொறித்துவைத்து, பக்கத்தில் ஓர் ஒட்டு மாங்கன்று நட்டார். மூன்றாம் வருஷம் காய்க்கும் என்று கன்று விற்றவன் சத்தியம் பண்ணியிருந்தான். ஏழு வருஷமாயிற்று. ஒரு பூ எட்டிப் பார்க்கவில்லை.

ஒவ்வோர் ஆனியிலும் நினைவு நாளன்று மைக் வைத்துப் பேசுவார். அம்மாவை அவர் உயிராக நேசித்தார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெயரைச் சொன்னதும் மேல்துண்டால் கண்ணைத் துடைப்பார். துடைத்த கையோடு திருடனுக்கு வந்துவிடுவார்.

"நான் பிறப்பதற்கு முந்தின வருஷம்! களத்திலே நெல் அம்பாரம்! அரிவாளோடு வந்தான் ஒரு திருடன்! வீட்டில் ஆண்பிள்ளை இல்லை. என் தாயார் அந்த அரிவாளை இதோ, இந்த வலது கையால் தடுத்தார்! முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தழும்பு! அந்தத் தழும்பைத் தடவித் தடவி வளர்ந்தவன் நான். அந்தத் திருடனைப் பிடிக்கத்தான் போலீசுக்கே போனேன்!"

முதல் வருஷம் திருடன் ஒருவன். எண்பதில் இரண்டு பேர். எண்பத்தொன்றில் மூன்று பேர் வந்தார்கள், முகத்தில் கரி வேறு. சங்கரம்மாள் முன்வரிசையில் உட்கார்ந்து, கன்னத்தில் ஈ உட்கார்ந்தாலும் ஆடாமல் கேட்டுக்கொண்டிருப்பாள்.

எண்பத்திரண்டில் நினைவு நாள் வெள்ளிக்கிழமை வந்தது. பத்து மணிக்குக் கூட்டம். டி.எஸ்.பி. ஐந்தே முக்காலுக்கே ஜீப்பில் வந்து இறங்கினார். திடீர்ச் சோதனை, சர்வீஸ் பழக்கம். குற்றாலத்தில் சீசன் பிடித்திருந்தது. சாரல் குடைக்குக் கட்டுப்படாமல் பக்கவாட்டில் அடித்தது. நான் அவரை மட்டும் நனையாமல் காப்பாற்றிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

மாமரத்தடியில் ஒரே ஏச்சுச் சத்தம்.

"ஏட்டி மலட்டு மூதி! ஏழு வருசமா ஊத்துத தண்ணியெல்லாம் குடிச்சிட்டு இலைய ஆட்டிக்கிட்டு நிக்கியே, வெக்கமா இல்ல? இன்னைக்கு ஒன்ன ரெண்டு துண்டாப் போடுதனா இல்லையா பாரு!"

சங்கரம்மாள். சேலையை வரிந்து கட்டியிருந்தாள். தலைக்கு மேல் அரிவாள். எங்களுக்கு முதுகு. அவளுக்கு நேர் எதிரே மரம், மரத்துக்கு முன்னால் கறுப்புக் கல், கல்லில் தங்க எழுத்தில் 'வீரத்தாய் முத்துவடிவு'.

டி.எஸ்.பி. நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். நாற்பது வருஷம் கொலைகாரர்களைப் பார்த்த மனிதர். அவர் கை என் தோளைப் பிடித்தது. 

காய்க்காத மரத்துக்கு இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் அரிவாளை ஓங்கி மரத்தை மிரட்டவேண்டும். இன்னொருவர் மரத்துக்காக மன்றாட வேண்டும்: 'வெட்டாதீய, அடுத்த வருசம் காய்ப்பா.' அரிவாள் இறங்கிவிடும். மரம் பயந்துபோய்க் காய்க்கும் என்பது நம்பிக்கை. மன்றாட வேண்டிய ஆள் மரத்துக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தார். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் நாற்பது வருஷம் மூட்டை தூக்கிய சங்கிலிப்பாண்டி. அவர் வாயைத் திறக்கிற நேரம் பார்த்து டி.எஸ்.பி.யைக் கண்டுவிட்டார். வாயில் பீடி. விதி ஒன்பது: பீடி கூடாது. வாயை மூடிக்கொண்டார், பீடியோடு.

மரத்துக்காகப் பேச ஆளில்லை.

"அரெஸ்ட் ஹெர்!" என்றார் டி.எஸ்.பி. யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை. அங்கே நான்தான் இருந்தேன். என் கையில் குடை இருந்தது.

ஏழரை மணிக்கு ஆபீஸ் அறையில் தீர்ப்பு வந்துவிட்டது. சங்கரம்மாள் மாலை நாலு மணி பஸ்ஸுக்கு இல்லத்தை விட்டுப் போகவேண்டும். கடிதம் இரண்டு பிரதி.

"சார், அது இங்கே ஒரு வழக்கம். மரம் காய்க்கிறதுக்காக…" என்றேன்.

"மிஸ்டர் அனந்தநாராயணன், நான் பிறந்ததே சம்சாரி வீட்டில், விவசாயக் குடும்பம். தென்னை, மா, புளி எல்லாம் இருந்தது. எங்கள் வீட்டில் இப்படி ஒரு வழக்கத்தை நான் பார்த்ததே இல்லை. டைப் அடியுங்கள்."

அடித்தேன். என்னை வீரன் என்று யாரும் கல்லில் பொறிக்கப்போவதில்லை. 'எங்கே போவாள்' என்ற கேள்வி ஒவ்வோர் எழுத்துக்கும் விரலில் இடறியது. ஆனாலும் ஒரு பிழை விழவில்லை.

சங்கரம்மாள் ரேகை வைக்க வந்தாள். நனைந்த சேலையை மாற்றவில்லை. கையில் ஒரு தகரப்பெட்டி, இன்னொரு கையில் கத்தரி விதை முடிந்த துணி. வாசலில் சங்கிலிப்பாண்டி தூணோடு தூணாக நின்றார்.

"தப்பு எம்மேல அய்யா. ஒரு பீடியால வந்த வென. நான் மட்டும் வாயத் தொறந்திருந்தா…"

"நீ இப்பவும் தொறக்காம இரி," என்றாள் சங்கரம்மாள். பிறகு டி.எஸ்.பி.யிடம், "அய்யா, நான் போறதுக்குப் போயிருதேன். ஆனா அந்த மரத்து வேல பாதியில நிக்கி. அருவாள ஓங்கியாச்சு, வேண்டாம்னு சொல்ல ஆளில்ல. அப்பிடி விடப்பிடாது. யாராவது வந்து ஒரு வார்த்த சொல்லுங்க. சொன்னாப் போதும்."

டி.எஸ்.பி. மேஜையில் அடித்தார். மைக்கூடு குதித்தது.

"எங்கம்மா கல்லுக்கு முன்னாடி அரிவாளைத் தூக்கிட்டு, இன்னும் அரிவாள் பேச்சா? யார்கிட்டே காட்டுறே? அரிவாளை வெறுங்கையால பிடிச்ச பொம்பளை அவங்க! ஒரு திருடன் இல்லே, மூணு…"

"திருடன் எங்கய்யா வந்தான்?" என்றாள் சங்கரம்மாள்.

அவள் அதைச் சண்டையாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்பது போலச் சொன்னாள். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று யோசிப்பது போல உதட்டைக் கடித்தாள்.

"என்ன சொன்னே?"

"விடுங்கய்யா. கத நல்லாத்தான் இருந்துது."

"என்ன சொன்னே நீ?"

சங்கரம்மாள் தகரப்பெட்டியைக் கீழே வைத்தாள்.

"ஒங்க வீட்டுக்கு எங்கம்ம நெல்லு குத்த வருவா. நானும் கூட வருவேன். எனக்கு அப்ப பதினோரு வயசு. முத்துவடிவு அக்காவுக்குக் கல்யாணமாகி நாலு வருசம் பிள்ள இல்ல. கொல்லையில ஒரு மாமரம், அதுவும் காய்க்கல. ஒரு வெள்ளிக்கெழம விடிய ஒங்க ஆச்சி, ஒங்கப்பாவப் பெத்தவ, அக்காவ இழுத்துட்டுப் போயி மரத்தோட சேத்து நிறுத்துனாவ. 'மலட்டு மரம், மலட்டு மருமவ, ரெண்டையும் இன்னைக்கே வெட்டுதேன்'னு அருவாள ஓங்குனாவ. ஒங்கப்பா நின்னாவ. சித்தப்பாமாரு நின்னாவ. வேலைக்காரங்க நின்னாங்க. வெட்டாதன்னு ஒரு வாயி தொறக்கல. அக்கா பயந்துபோயிக் கைய இப்பிடித் தூக்குனா. அருவாளு நிக்கல."

அவள் தன் இடது கையைத் தூக்கிக் காட்டினாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வலது விரலால் ஒரு கோடு இழுத்தாள்.

டி.எஸ்.பி.யின் வாய் திறந்தபடி இருந்தது. வலது கை என்றுதான் எல்லா வருஷமும் மைக்கில் சொன்னார். மேடையில் வலது கையைத் தூக்கினால்தான் எடுப்பாக இருக்கும்.

"இடது கை," என்றார், யாரிடமோ. "இடது கைதான்."

"ரத்தத்தப் பாத்தப் பெறவுதான் நான் கத்துனேன். 'வெட்டாதீய ஆச்சி, அடுத்த வருசம் காய்ப்பா'ன்னு. பெரியவங்க பேசாத எடத்துல பேசுனேன்னு எங்கம்ம என்னிய அறைஞ்சா. அவதான் மஞ்சளும் வேப்பெண்ணையும் வச்சு அக்கா கையக் கெட்டிவிட்டா. மறு வருசம் நீங்க பெறந்தீய."

வெளியே மைக்காரன் 'அலோ, அலோ' என்று சோதித்துக்கொண்டிருந்தான்.  டைப் மெஷினில் கடிதம் பாதி வெளியே நாக்கை நீட்டிக்கொண்டு நின்றது.  நாலு வருஷமாக அந்தத் திருடன் கதைக்கு முதல் கைதட்டல் என்னுடையது.

"எங்க ஆச்சி…" என்றார் டி.எஸ்.பி. "என்னை மடியிலே போட்டு வளர்த்தவ. நான் ஆச்சின்னா உசுரா இருந்தேன்."

"அதான் அக்கா ஒங்ககிட்ட திருடன்னு சொல்லியிருக்கா. அவ சொல்லாதத நான் என்னத்துக்குச் சொல்லணும்? நாலு வருசமா வாய மூடிக்கிட்டுத்தான இருந்தேன்."

அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினார். மைக்கில் கேட்ட குரல் இல்லை. அந்தக் குரலுக்கு அடியில் கிடந்த அச்சன்புதூர்க் குரல்.

"எளநி சீவ ஆளு வந்தா எங்கம்ம உள்ள போயிருவா. கதவச் சாத்திக்குவா. சீவி முடிச்சு அருவாள வெளிய கொண்டு போற வரைக்கும் வரமாட்டா. கேட்டா, தல சுத்துதும்பா. நான்… நான் அத எங்கயும் சொன்னதில்ல." நிமிர்ந்து பார்த்து, "அந்த மரம் என்னாச்சு?"

"காய்க்கல. வெட்டிட்டாவ. அப்பொறம் அந்த வீட்டுல எந்த மரத்துக்கு முன்னாலயும் அருவாள எடுக்க அக்கா விடல. நீங்க அந்த வழக்கத்த எங்க பாத்திருக்கப் போறீய?"

டி.எஸ்.பி. எழுந்தார். தொப்பி வைக்காமல் சாரலில் இறங்கி நடந்தார். நான் குடையைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடுவதற்குள் மரத்தடிக்குப் போய்விட்டார். பின்னாலேயே சங்கரம்மாள், சங்கிலிப்பாண்டி, அப்புறம் பூவாளிகளோடு மீதிப்பேர்.

"ஓங்குங்க," என்றார் சங்கரம்மாளிடம்.

அவள் அரிவாளை எடுத்தாள். "ஏட்டி மலட்டு மூதி, வெட்டிப்போடுதேன் பாரு!" என்றாள், காலையில் இருந்த காரமில்லாமல்.

டி.எஸ்.பி. மரத்துக்கும் அவளுக்கும் நடுவில் நின்றார். ஒரு கை தானாக மேலே வந்தது. இடது கை. சர்வீஸில் ஒருவனுக்கும் ஜாமீன் கொடுக்கச் சம்மதிக்காதவர் என்று பெயர். வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தார்.

"வெட்டாதீய," என்றார். "வெட்டாதீய. அடுத்த வருசம்…"

அதற்கு மேல் வரவில்லை. மிச்சத்தைச் சங்கிலிப்பாண்டி சொன்னார், பீடி இல்லாமல். அரிவாள் இறங்கியது.

பத்து மணிக் கூட்டத்துக்குத் தென்காசியிலிருந்து எல்லாப் பிரமுகர்களும் வந்திருந்தார்கள். ஒரு மணி நேரத்துக்குத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். டி.எஸ்.பி. மைக்கைப் பிடித்தார்.

"எங்கம்மா பேரு முத்துவடிவு. அரிவாளைக் கண்டா பயப்படுவா," என்றார். உட்கார்ந்துவிட்டார்.

யாருக்கும் கைதட்டத் தோன்றவில்லை. எனக்கும்தான். முன்வரிசையில் சங்கரம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சாரலாகவும் இருக்கலாம்.

நாலு மணி பஸ் வந்தது, போனது. கடிதத்தின் இரண்டு பிரதியையும் டி.எஸ்.பி.யே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். கல்லில் 'வீரத்தாய்' என்ற சொல்லை எடுக்க முடியுமா என்று கொத்தனாரைக் கேட்டிருக்கிறார். முடியாது, கல் உடையும் என்றானாம். கல்லுக்கு எதிரே சங்கரம்மாள் மல்லிகைப் பதியன் ஒன்று வைத்தாள். விதிப்படி வாசனைப் பூ கூடாது. புதர் மண்டி, இப்போது 'முத்துவடிவு' மட்டும்தான் தெரிகிறது.

மறுவருஷமும் மரம் காய்க்கவில்லை. ஆனி மாதம், வெள்ளிக்கிழமை, ஐந்தே முக்காலுக்கு டி.எஸ்.பி. வந்து மரத்தடியில் நின்றார். சங்கரம்மாள் அரிவாளை மடியில் வைத்துக்கொண்டு கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"பிந்தி வாரீயளே," என்றாள். "எம்புட்டு நேரம் ஓங்காம வச்சிட்டிருக்கது?"