நாலு மடங்கு

ஓர்லா என்னிடம் கேட்டது ஒரே ஒரு பொய். அதை எழுத நான் மறுத்தேன். மறுத்ததற்காக இன்றைக்கும் வெட்கப்படவில்லை. என் வயிற்றெரிச்சல் எல்லாம் அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றித்தான்.

என் பெயர் பிலோமினா. மோனஹன் மாவட்டத்தில் ஒரு காளான் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷமாகச் சம்பளம் போடுகிறவள். யார் எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள், யார் மனைவிக்குத் தெரியாமல் முன்பணம் வாங்கினார்கள், எல்லாம் எனக்கு அத்துப்படி. ஓர்லா பேக்கிங் பிரிவில் மேற்பார்வையாளர். முப்பத்து நாலு வயது. புருஷன் என்று யாரும் கிடையாது. நீவ் என்று ஏழு வயதில் ஒரு மகள். இரண்டு பேரும் ஆறு வருஷமாக மில் தெருவில் ஒரு சின்ன வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். பின்சுவரில் ஈரம் ஊறும். ஆனால் பள்ளிக்கூடம் நாலு எட்டில் இருக்கிறது. வாடகை மாதம் ஆயிரத்து நூற்றைம்பது யூரோ. ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

வீட்டுக்காரருக்கு வயதாகிவிட்டது. வீட்டை விற்றுவிட்டு, மகளோடு இருக்கக் கால்வே நகரத்துக்குப் போக முடிவு செய்தார். நல்ல மனுஷன், முதலில் ஓர்லாவிடம்தான் சொன்னார். விலை நூற்று எண்பத்தைந்தாயிரம் யூரோ, ஈஸ்டர் வரை வேறு யாரிடமும் பேச மாட்டேன் என்று கைகொடுத்தார். ஓர்லாவிடம் இருபதாயிரம் சேமிப்பு இருந்தது. மிச்சத்துக்கு வங்கி.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, தேநீர் இடைவேளையில், வங்கிப் படிவத்தோடு என் அறைக்கு வந்தாள்.

"பிலோ, கதவச் சாத்திக்கவா?"

"சாத்தணும்னா ஏதோ வில்லங்கம்தான். சாத்து."

"என் அடிப்படைச் சம்பளத்த மட்டும்தான் கணக்குல எடுத்துப்பாங்களாம். வருஷத்துக்கு முப்பத்தெட்டாயிரம். அதுல நாலு மடங்குக்கு மேல ஒரு சென்ட் தர மாட்டாங்க. நூத்தி அம்பத்திரண்டாயிரம் வருது. எனக்கு வேண்டியது நூத்தி அறுபத்தஞ்சு."

"ஓவர்டைம்?"

"அது நிச்சயமில்லாத காசாம். ஏழு வருஷமா வாரா வாரம் வாங்கறேன். நிச்சயமில்லாத காசு!"

"தவணை எவ்வளவு வரும்?"

"எண்ணூறு. வாடகையவிட முன்னூத்தம்பது கம்மி, பிலோ! அதைச் சொன்னேன். சட்டம் பேசுது, நான் என்ன பண்ணட்டும்னான், அந்த டை கட்டின பேங்க்காரன்."

பிறகு படிவத்தை என் பக்கம் திருப்பினாள். முதலாளி தரப்பில் நிரப்ப வேண்டிய சம்பளச் சான்று. அடிப்படைச் சம்பளத்துக்கு ஒரு கட்டம், ஓவர்டைமுக்கு ஒரு கட்டம்.

"வருஷ ஓவர்டைம் மூவாயிரத்து ஐந்நூறையும் மேல்கட்டத்துலயே சேர்த்து எழுதிடுங்க. நான் சம்பாதிக்காத காசா? ஒரு கட்டத்துலருந்து இன்னொரு கட்டத்துக்கு, அவ்வளவுதான்."

"முடியாது."

"டெக்லனுக்கு எழுதிக் குடுத்தீங்கல்ல?"

அறைந்தது மாதிரி இருந்தது. ஊருக்கே தெரிந்த கதைதான், ஆனாலும் என் முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை.

டெக்லன் என் தம்பி. எங்கள் தொழிற்சாலையில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டினான். 2006-இல் ஊரே வெறி பிடித்தது போல வீடு வாங்கிக்கொண்டிருந்தது. வாங்காதவனைப் பார்த்து, "உனக்கென்ன கேடு?" என்று கேட்டார்கள். டெக்லன் வந்து நின்றான். அவனுடைய ஓவர்டைமை அடிப்படைச் சம்பளத்தில் சேர்த்து எழுதினேன், போகிற போக்கில் கொஞ்சம் கூட்டியும் எழுதினேன். அப்போதெல்லாம் மடங்காவது மண்ணாவது. ஒன்பது மடங்கு கொடுத்தார்கள்! வங்கி மேலாளர் அவனைத் தட்டிக்கொடுத்து, சமையலறைக்கும் சேர்த்து வாங்கிக்கொள் என்றாராம். மூன்றே வருஷத்தில் முதலில் ஓவர்டைம் போயிற்று, அப்புறம் வேலை போயிற்று, வீட்டின் விலை பாதியாயிற்று, கடன் மட்டும் முழுசாக நின்றது. வீடு வங்கிக்கு, அவன் ஆஸ்திரேலியாவுக்கு. அம்மா இறந்தபோதுகூட வரவில்லை. சவப்பெட்டியின் முன்பக்கம் அவன் தோள் கொடுக்க வேண்டிய இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் நின்றார். பெட்டியின் பின்னால் நடந்த எனக்கு அந்தத் தோளைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. கெடுத்தது வங்கி மட்டுமா? என் பேனாவும்தான்.

ஆகவே சம்பளத்தில் இத்தனை மடங்குக்கு மேல் கடன் இல்லை என்று அரசு கோடு போட்டபோது, அப்பாடா என்று இருந்தது எனக்கு. சூடு கண்ட பூனை.

"அவனுக்கு எழுதினதாலதான் உனக்கு எழுத மாட்டேன்" என்றேன்.

"அவன் வாங்கினது ஒம்பது மடங்கு. நான் கேக்கறது நாலரைகூட இல்ல."

"நாளைக்கே ஓவர்டைம் நின்னா?"

"நின்னா வாடகை மட்டும் எப்படிக் கட்டுவேன்? அதை யாராவது கேட்டீங்களா?"

அந்தக் கேள்வியை அமுக்கக் குரலை உயர்த்தினேன். "என் கையால இன்னொருத்தர் வீதிக்கு வர வேண்டாம், ஓர்லா." அவள் படிவத்தை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

சும்மா இருக்கவில்லை நான். உள்ளதை உள்ளபடி எழுதினேன். மூன்று வருஷச் சம்பளச் சீட்டுகளை இணைத்து, இந்தப் பெண்ணுக்கு ஒரு விதிவிலக்கு கொடுங்கள் என்று வங்கிக்குப் போன் மேல் போன் போட்டேன். விதிவிலக்கு இத்தனை பேருக்குத்தான் என்று ஒரு கணக்கு உண்டாம், ஆனால் இந்தத் தடவைக்கானது தீர்ந்துவிட்டதாம். தீர்ந்துபோக அது என்ன, அடுமனையில் வைத்த ரொட்டியா? யார் சாப்பிட்டார்கள் என்று கேட்டேன். அதைச் சொல்ல முடியாது, மேடம் என்றார்கள்.

ஈஸ்டர் வந்தது, போனது. மே மாதம் கோர்மக் என் அறைக்கு வந்தார். பழைய கார் வியாபாரி. ஞாயிறு பூசையில் முன்வரிசை. ஊரில் ஏற்கெனவே நாலு வீடு வாடகைக்கு விட்டிருக்கிறார். மில் தெரு வீட்டை இவர்தான் வாங்குகிறாராம். அவர் கையில் ஒரு காகிதம்.

"பிலோமினா, ஒரு சின்ன கையெழுத்து. ஓர்லா உங்ககிட்டதான வேலை பாக்கறா? மாசம் ஆயிரத்து முன்னூத்தம்பது வாடகை அவளால கட்ட முடியும்னு எழுதிக் குடுங்க. என் பேங்க் கேக்குது."

"எந்த பேங்க்?"

சொன்னார். அதே வங்கி.

"உங்களுக்கு எத்தனை மடங்கு குடுத்தாங்க, கோர்மக்?"

"மடங்கா? அதெல்லாம் சொந்தமாக் குடியிருக்கறவங்களுக்கு. எனக்கு எதுக்கு? வீடு எவ்வளவு வாடகை கொண்டுவருதுன்னுதான் பாக்கறாங்க."

"அந்த வாடகை யாரு சம்பளத்துலருந்து வருது?"

"இதென்ன கேள்வி! ஓர்லா சம்பளத்துலருந்துதான்."

"அப்ப அவ சம்பளத்த நம்பித்தான் உங்களுக்குக் கடன் தர்றான். எண்ணூறு கட்ட வக்கில்லன்னு அவளைத் துரத்தின அதே பேங்க், ஆயிரத்து முன்னூத்தம்பது கட்டுவாளான்னு உங்ககிட்ட கேட்டு அனுப்புதா?"

கோர்மக்குக் கோபமே வரவில்லை. பாவம், இவளுக்கு விவரம் போதாது என்பது போலச் சிரித்தார். "அது கடன். இது வாடகை. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. நீங்க எழுதலேன்னாலும் பரவாயில்ல, அவளைக் காலி பண்ணச் சொல்லிடறேன். ஆஸ்பத்திரில வேலை பாக்கற ஒரு ஜோடி எப்பவேணா வர ரெடி."

ஸ்டேப்ளரை எடுத்து அவர் தலையில் எறிந்திருப்பேன். கம்பெனி ஸ்டேப்ளர் என்பதால் விட்டேன்.

கோடே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். கோடில்லாத காலத்தில் தம்பியைப் பறிகொடுத்தவள் நான். ஆனால் கோடு என்றால் எல்லாருக்கும் கோடாக இருக்க வேண்டாமா? குடியிருக்க வீடு கேட்டால் நாலு மடங்கு, குடியிருப்பவளிடம் கறக்க வீடு கேட்டால் கணக்கே வேறு. ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு. ஓர்லாவால் தாங்க முடியாத கடனிலிருந்து அவளைக் காப்பாற்றுகிறார்களாம்! காப்பாற்றி எங்கே கொண்டுவந்து விட்டார்கள்? அதைவிட ஐந்நூற்றைம்பது அதிகமான பாரத்தில்! வாடகைக்கு மட்டும் சம்பளத்தில் இத்தனை பங்குதான் என்று ஏன் ஒருத்தரும் கோடு போடவில்லை? இதை யாரிடம் கேட்பது? கேட்டேன். வங்கிக்காரர்கள் போனில் பத்து நிமிஷம் பாட்டு போட்டுவிட்டுத் துண்டித்தார்கள்.

ஓர்லாவைக் கூப்பிட்டு, கோர்மக் விட்டுப்போன காகிதத்தைக் காட்டினேன். நின்றபடியே படித்தாள். அடிப்படைச் சம்பளம், ஓவர்டைம், இதர வரவு எல்லாவற்றையும் கூட்டி மொத்தமாக எழுதவும் என்று அதில் இருந்தது.

"இதுக்கு ஓவர்டைமச் சேர்த்துக்கலாமா?" என்றாள்.

"சேர்த்துக்கலாமாம்."

சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்க வேண்டாம்.

"நான் இத எழுத மாட்டேன், ஓர்லா. அந்த ஆளுக்கு என் கையெழுத்து ஒரு கேடா?"

"எழுதுங்க. பள்ளிக்கூடத்துக்கிட்ட வேற வீடே இல்ல, தேடிப் பாத்துட்டேன். உங்க நியாயத்துக்கு ஒரு தடவை வீட்ட விட்டாச்சு. ரெண்டாந்தடவை என்னால முடியாது."

எழுதினேன். ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. ஓர்லா காகிதத்தை வாங்கி மடித்தாள். போகாமல் நின்றாள்.

"சனிக்கிழமை ஷிஃப்டுக்கு ஆள் எடுக்கறீங்கல்ல? என் பேரப் போட்டுக்குங்க."

"எந்தச் சனிக்கிழமை?"

"எல்லாச் சனிக்கிழமையும்தான்."

"அப்ப நீவை யாரு பாத்துப்பாங்க?"

மணி அடித்தது, வலைத்தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு பேக்கிங் பிரிவுக்குப் போய்விட்டாள்.