அலைக்கு முந்திய கை

...யாரிடம் அப்படிச் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார், இவன் வந்ததும் ஏன் போனைச் சட்டென்று பைக்குள் திணித்தார், நண்பன் என்றார், நண்பனிடம் பேசத் துறைமுகத்தின் கடைசி முனைக்கா போவார்கள்... எலி ஏன் அம்மணமாய் ஓடுகிறது என்று கேட்டுவிடத்தான் நினைத்தான், எப்படிக் கேட்பது, வீட்டில் தங்கை புருஷன், கப்பலில் அதிகாரி, அங்கே மாப்பிள்ளை, இங்கே சார். "அவரு முன்ன மாதிரி இல்லண்ணா" என்று தங்கை அழுதது காதிலேயே நிற்கிறது. இதோ, அந்த மாப்பிள்ளைதான் இருட்டுக்குள்ளிருந்து ஹெலிகாப்டரை ஓட்டிக்கொண்டு வருகிறார், விளக்குகளை மங்கவைத்த மேல்தளத்தில் இவன் கையிலிருக்கும் இரண்டு மஞ்சள் விளக்குக் குச்சிகளை விட்டால் அவருக்கு வேறு கதியில்லை. குச்சிகளைத் தாழ்த்தினால் இறங்கவேண்டும், தலைக்கு மேல் குறுக்காக வீசினால் அந்தக் கணமே விலகிப் பறக்கவேண்டும், ஏன் எதற்கு என்று கேட்கக்கூடாது, எவ்வளவு பெரிய அதிகாரி ஓட்டிவந்தாலும் அதுதான் சட்டம்... இறங்கு, இன்னும் இறங்கு, நல்ல பிள்ளை மாதிரி சொன்னபடி கேட்கிறாரே, வீட்டிலும் இப்படித்தான் நடித்தாரோ, யார் அவள், துறைமுகத்துக்கு ஒருத்தியா... பார்த்தால் குச்சிகள் இரண்டும் தலைக்கு மேல் குறுக்காக வீசிக்கொண்டிருந்தன.

ஹெலிகாப்டர் உறுமிக்கொண்டு விலகியது, எரிபொருள் இன்னும் ஒரு சுற்றுக்குத்தான் என்று காதுக்கருவியில் யாரோ கத்தினார்கள், அய்யோ என்ன காரியம் செய்தேன் என்று நினைப்பதற்குள் கப்பல் ஒரு பெரிய அலையில் ஏறிச் சாய்ந்தது, ஹெலிகாப்டர் இறங்கியதும் தளத்தோடு சங்கிலி போட்டுக் கட்ட நின்றவர்கள் தடுமாறி விழுந்தார்கள். "பிரமாதம்யா, காப்பாத்திட்ட!" என்றார் தளத்து அதிகாரி. அப்படியானால் அலைக்காகத்தான் வீசினானா, கால் முதலிலேயே உணர்ந்திருக்குமோ, இத்தனை வருஷம் கடலில் நின்ற காலாயிற்றே... இல்லை, கை முந்தியது, சத்தியமாக முந்தியது... இரண்டாம் முறை வந்தபோது வேறு எதையும் நினைக்கப் பயந்து, மெல்ல, மெல்ல, குச்சிகளைத் தாழ்த்தி இறக்கிவிட்டான்.

மாப்பிள்ளை தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு நேரே இவனிடம் வந்தார். "நீங்க கைய வீசுனப்ப தளம் ஆடவே இல்லையே, மச்சான். அலை வரும்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" கப்பலில் அவர் மச்சான் என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. "பழக்கம்தான், சார்." நன்றியா அது, சந்தேகமா... முகத்தைப் பார்க்காமல் இவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்கும் இவற்றை நம்பித்தான் அவர் இறங்கவேண்டும். இவனுக்கோ இப்போது அந்த நம்பிக்கை இல்லை.