இறங்கு பாதையை விட்ட கணக்கு

டுலூத் நகர ஆய்வகத்தில் மார்லிஸுக்கு வேலை, அடம்பிடிக்கும் பீசோ என்னும் பீங்கான் துண்டுகளுக்குக் கணக்கு எழுதுவது. மின்னழுத்தம் கொடுத்தால் அவை துளி நீளும், குறைத்தால் சுருங்கும். ஆனால் போன வழியே திரும்பி வராது. ஏறும்போது ஐம்பது வோல்ட்டில் ஓர் இடம், இறங்கும்போது அதே ஐம்பதில் வேறு இடம். இந்தக் கோணல் புத்தியை முன்கூட்டியே கணித்து, அவை நகர்த்தும் நுண்ணோக்கி ஊசியைச் சரியான இடத்தில் நிறுத்த வேண்டும்.

சென்ற வாரம் ஊசி கண்ணாடியில் குத்தி முறிந்தது. "பசை இளகியிருக்கும்" என்றார் தலைவர் ரோல்ஃப். துண்டுகளை ஒட்டுகிறவர் டுவைட். வயதானவர், மறுபேச்சில்லாமல் தலையாட்டினார்.

அன்று மாலையே மார்லிஸ் கண்டுபிடித்துவிட்டாள். அவசரத்தில், மின்னழுத்தம் ஏறும்போது எடுத்த அளவுகளை மட்டும் வைத்துக் கணக்கை முடித்திருந்தாள். ஊசி முறிந்ததோ இறங்கும்போது. சொல்ல வாயெடுத்து, நாளைக்கு ஆகட்டும் என்று விழுங்கினாள். நாளாக ஆக, சொல்வது மலையாகிவிட்டது. கடைசியில் இறங்கு பாதையையும் சத்தமில்லாமல் சேர்த்து, அதற்கு 'மேம்பாடு' என்று பெயரும் வைத்தாள். படித்தவர்களுக்குத் தப்பை ஒளிக்கவும் அழகான சொல் கிடைத்துவிடுகிறது.

டுவைட் எல்லாத் துண்டுகளையும் பெயர்த்து, புதிதாக ஒட்டிக் கொடுத்தார். ஊசி சொன்ன இடத்தில் நின்றது.

மறுநாள் மதியம் டுவைட், ருபார்ப் தண்டு போட்ட கேக்கோடு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"பாத்தியா, பசைதான். கண்ணு முன்ன மாதிரி இல்லம்மா. ஒட்டற வேலைய இனி வேற யாருக்காச்சும் குடுத்துடுங்கன்னு ரோல்ஃப்கிட்ட சொல்லிட்டேன். உன் வேலையக் கெடுத்துட்டேன், மன்னிச்சுக்கோ."

மார்லிஸ் கேக்கைத் தள்ளி வைத்தாள். தன்மேல் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

"உங்க பசை நல்லாத்தான் இருந்துச்சு, டுவைட். என் கணக்குதான் தப்பு. இறங்கற அளவுகள விட்டுட்டேன்."

அவர் சிரித்துவிட்டார். "அவ்வளவுதானா? இந்த வேலைல அத விடாதவங்க யாரு?" பிறகு சிரிப்பு மெல்ல நின்றது. "எப்போ தெரிஞ்சுது?"

"ஊசி முறிஞ்ச அன்னிக்கே."

டுவைட் கையிலிருந்த கேக்கைக் கீழே வைத்தார்.

"நான் ஒவ்வொண்ணாப் பேத்து எடுத்தப்போ, கண்ணு தெரியலன்னதும் பக்கத்துல நின்னு விளக்குப் பிடிச்சது நீதானே?"

"ஆமா" என்றாள் மார்லிஸ்.