சீட்டாடிக் குடும்பம் நடத்துவது பற்றி

1

இது கதையாகத் தொடங்கவில்லை. போக்கர் ஆடியே ஒருவன் குடும்பம் நடத்த முடியுமா என்று ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை கேட்டார்கள். வரவு, செலவு, கையிருப்பு எல்லாம் எழுதிப் பார்த்தேன். முடியும் என்றது கணக்கு. உதாரணத்துக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. மகேசனை உண்டாக்கினேன். அவன் வந்த பிறகு கட்டுரை நகரவில்லை.

2

'விளக்குகள் ஜொலிக்கும் துபாய் மாநகரில்...' வேண்டாம்.

'மகேசன் ஒரு சூதா...' இதுவும் இல்லை. அவன் சூதாடி இல்லை என்பதுதான் சிக்கலே.

யாழ்ப்பாணத்துக்காரன். 2007இல் பர் துபாயில் ஒரு கப்பல் கம்பெனியில் கணக்கு வேலை. மனைவி கஜந்தினி, பள்ளிக்குப் போகும் ஒரு மகள். வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் வீரபாண்டி வீட்டில் போக்கர் ஆடுவான். வீரபாண்டி மதுரைக்காரர், ஏசி பராமரிப்புக் கம்பெனி முதலாளி. (சட்டம் அனுமதிக்காத காரியம்; திரையை இழுத்துவிட்டுத்தான் ஆடினார்கள்.) மற்றவர்கள் குடித்துக்கொண்டும் கதை பேசிக்கொண்டும் தோற்பார்கள். மகேசன் தண்ணீர் மட்டும் குடிப்பான். மோசமான சீட்டு வந்தால் சத்தமில்லாமல் கவிழ்த்து வைத்துவிடுவான். ஒரு வருடமாகச் சம்பளத்தைவிட மேசையில் கிடைத்தது அதிகம். வேலையை விடப்போவதாக வீட்டில் சொன்னான்.

"உங்கட விசாவிலதானே நானும் பிள்ளையும் இருக்கிறம்?" என்றாள் கஜந்தினி.

"கொஞ்ச நாளைக்கு வெள்ளவத்தையில அக்கா வீட்டில இரும். நான் விசிட் விசாவில நிண்டு, ஒரு வழி பண்ணிப்போட்டுக் கூப்பிடுறன்."

"கொழும்பில தமிழ் ஆக்களைப் பிடிக்கிற நிலமை தெரியும்தானே?"

"மூண்டு மாசம். யோசியாதையும்."

[இங்கே அவளை அழவைத்திருந்தேன். பிறகு எடுத்துவிட்டேன். மகளின் பள்ளிச் சீருடைகளைத் துவைத்து அலமாரியிலேயே வைத்துவிட்டுப் போனாள், திரும்பி வந்தால் வேண்டுமே என்று.]

3

அவர்கள் போன சில வாரங்களில் வீரபாண்டியிடமிருந்து அழைப்பு வருவது நின்றது. மகேசன் நேரில் போய்க் கேட்டான்.

"தப்பா எடுத்துக்காதீங்க மகேசன். நீங்க வேலைக்குப் போயிட்டிருந்தப்ப உங்ககிட்ட தோத்தா சிரிப்பா இருந்துச்சு. இப்ப தோத்தா, உங்க வீட்டு வாடகைய நாங்க கட்டுற மாதிரி இருக்கு. நாங்க விளையாட வர்றோம். நீங்க டூட்டிக்கு வர்றீங்க."

"நான் ஒருநாளும் ஏமாத்தேல்லையே அண்ணை."

"ஏமாத்தியிருந்தாக்கூட ஒரு சண்டயப் போட்டுட்டுச் சேத்துக்குவோம்."

* எவ்வளவு ஜெயிக்கலாம் என்று கட்டுரையில் கணக்குப் போட்டிருந்தேன். தோற்பவர்கள் எதற்காக அவனைத் திரும்பத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று யோசிக்கவே இல்லை.

4

மிச்சமிருந்தது ஷார்ஜா. அங்கே ரோலா பகுதியில், கட்டட சைட்டில் வேலை பார்ப்பவர்கள் கும்பலாகத் தங்கியிருந்த ஒரு ரூமில் ஆட்டம் நடந்தது. டைல்ஸ் பதிக்கும் அருள்முருகன் சம்பளம் வாங்கிய கையோடு வந்து உட்கார்ந்தான். நல்ல சீட்டு வந்தால் மூச்சை அடக்கிக்கொள்வான். மகேசனுக்கு அது போதுமாக இருந்தது. சாயங்காலத்துக்குள் அருள்முருகனிடம் ஒன்றும் மிஞ்சவில்லை.

"சோறு ஆகிருச்சு. சாப்பிட்டுட்டுப் போங்க சார்" என்றான்.

'மகேசன் பணத்தைத் திருப்பிக் கொடுத்தான்' என்று எழுதினேன். வாசிக்க நன்றாக இருந்தது. அடித்துவிட்டேன். அவன் கொடுக்கவில்லை. சாப்பிடவும் இல்லை. படியிறங்கி, ஊருக்குப் பணம் அனுப்பும் எக்ஸ்சேஞ்சில் வரிசையில் நின்று, அதைக் கொழும்புக்கு அனுப்பினான். பழைய கம்பெனிக்குப் போன் செய்தான். அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று என்றார்கள்.

5

மறுநாள் கஜந்தினி போன் செய்தாள்.

"காசு வந்திட்டுது. வேலை கிடைச்சிட்டுதோ?"

ஒரு முடிவில் அவன் உண்மையைச் சொல்கிறான். "காசு கிடக்கட்டும், நீங்கள் இஞ்ச வாங்கோ" என்கிறாள் அவள். எழுதிப் பார்த்தேன், அவ்வளவு லேசில் அவன் வாய் திறப்பான் என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை.

இன்னொன்றில் "ஓம், கிடைச்சிட்டுது" என்கிறான். அடுத்த சம்பள நாளன்று மறுபடியும் ரோலாவுக்கு பஸ் ஏறுகிறான். நம்பும்படி இருக்கிறது. எழுதத்தான் கை வரவில்லை.

அதனால் இங்கேயே நிறுத்துகிறேன். கேள்வி கேட்டுவிட்டு கஜந்தினி போனைக் காதில் வைத்தபடி நிற்கிறாள். மகேசன் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது அவளுக்குக் கேட்கிறது. அவனுக்காக நீங்கள் ஏதாவது சொல்லுங்கள்.